ஆபீஸ் மேக்கைத் திருப்பிக் கொடுக்கறீங்களா? உங்க பாட்டையும் இசைக்கருவிகளையும் காப்பாத்த ஒரு கணக்கு



வேலை மாறும்போது பி.எஃப். டிரான்ஸ்ஃபர், ஃபுல் அண்ட் ஃபைனல், ஃபார்ம் 16 பத்தியெல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். ஆபீஸ்ல கொடுத்த மேக்புக்ல, ராத்திரி நேரத்துல கராஜ்பேண்ட்ல பாட்டு போடறவங்க நிறைய பேர் இருக்கீங்க. கடைசி நாள் லேப்டாப்பை ஒப்படைச்சிட்டு, வீட்டுல இருக்கிற விண்டோஸ் மெஷினுக்கு வந்தா ரெண்டு அதிர்ச்சி காத்திருக்கும். கராஜ்பேண்ட் விண்டோஸ்ல கிடையாது. அதுல இருந்த பியானோ, டிரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ் எதுவும் கூட வராது.

இந்தப் பதட்டத்துலதான் பலர் மாச சந்தா கட்ட ஆரம்பிக்கறாங்க, இல்லைன்னா கிராக் வெர்ஷன் தேடறாங்க. ரெண்டுமே தேவையில்லை. வரிசையா பார்ப்போம்.

1. லேப்டாப் கையில இருக்கும்போதே செய்ய வேண்டியது

கராஜ்பேண்ட் புராஜெக்ட் ஃபைலை மேக்ல ஓடற லாஜிக் ப்ரோ திறக்கும், ஆனா விண்டோஸ் சாஃப்ட்வேர் எதுவும் நேரடியா திறக்காது. நீங்க வாசிச்ச நோட்ஸை மிடி ஃபைலா வெளியே எடுக்கவும் அதுல நேரடி வசதி இல்லை. அதனால ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஆடியோவா எடுத்து வைக்கணும்.

ஒரு டிராக்கை மட்டும் சோலோ பண்ணுங்க. சைக்கிள் பட்டையை பாட்டோட ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இழுத்து விடுங்க. வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அடுத்த டிராக்குக்கும் இதே மாதிரி. சைக்கிளை இடையில மாத்தாதீங்க. அப்பதான் எல்லா ஃபைலும் ஒரே நீளத்துல வரும், புது சாஃப்ட்வேர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வைச்சா தாளம் தப்பாது. பாட்டோட டெம்போவையும் ஃபைல் பேர்லயே எழுதி வைங்க.

ஒரு எச்சரிக்கை: பல கம்பெனிகள்ல பென் டிரைவ் போட முடியாதபடி பூட்டியிருப்பாங்க. நோட்டீஸ் பீரியட் தொடங்கினதுமே ஐ.டி. டீம்கிட்ட அனுமதி கேட்டு முடிச்சிடுங்க. கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீங்க.

2. புது சாஃப்ட்வேர், புது பிளகின் வகை

எடுத்துக்காட்டுக்கு நீங்க ரீப்பருக்கு மாறறீங்கன்னு வைப்போம். 60 நாள் முழு வசதியோட சோதிச்சுப் பார்க்கலாம். ஆனா கராஜ்பேண்ட் மாதிரி பெரிய இசைக்கருவித் தொகுப்பு அதுல கிடையாது. அந்தக் காலி இடத்தை நாமதான் நிரப்பணும்.

டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி பிளகின் வகையைப் பாருங்க. கராஜ்பேண்டும் லாஜிக் ப்ரோவும் ஏ.யூ. வகையை மட்டும்தான் ஏத்துக்கும். விண்டோஸ் ரீப்பருக்கு வேண்டியது வி.எஸ்.டி. வகை. ப்ரோ டூல்ஸுக்கு ஏ.ஏ.எக்ஸ். நல்ல இலவச கருவிகள் பெரும்பாலும் ஒண்ணுக்கு மேற்பட்ட வகையில கிடைக்குது. அப்படிப்பட்டதையே பழகிக்கிட்டா, நாளைக்கு மறுபடி மேக் பக்கம் போனாலும் அதே கருவி உங்க கூட வரும்.

3. எதை எடுக்கலாம்?

பத்து கருவி போதும். அம்பது இன்ஸ்டால் பண்ணா, பாட்டு போடற நேரம் சவுண்டு தேடறதுலயே போயிடும்.

பியானோ: யமஹா சி5 பியானோவைப் பதிவு செஞ்சு உருவாக்கினது சாலமாண்டர் கிராண்ட் பியானோ. இது எஸ்.எஃப்.இசட். வடிவத்துல கிடைக்கும். வாசிக்க ஸ்ஃபோர்ஸாண்டோன்னு ஒரு இலவச பிளேயர் இருக்கு.

சிந்தசைசர்: வைட்டலோட அடிப்படை வெர்ஷன் இலவசம். சர்ஜ் எக்ஸ்டி முழுக்க ஓப்பன் சோர்ஸ். எண்பதுகளோட எலெக்ட்ரிக் பியானோ, பெல் சத்தம் பிடிக்கும்னா யமஹா டிஎக்ஸ்7-ஐ அடிப்படையா வைச்ச டெக்ஸெட் எடுங்க.

ஸ்ட்ரிங்ஸ், ஆர்கெஸ்ட்ரா: ஸ்பிட்ஃபயர் ஆடியோவோட பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர். சுமார் 200 எம்பிதான். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்லயும் ஓடும்.

டிரம்ஸ்: எம்டி பவர் டிரம் கிட். கிட்டாருக்கு ஆம்பிள் கிட்டார் எம் லைட்.

டீசென்ட் சாம்ப்ளர்: இது ஒரு இலவச பிளேயர். பியானோபுக் தளத்துல பலர் பதிவு செஞ்சு பகிர்ந்த கருவிகளை இதுல திறக்கலாம்.

கான்டாக்ட் பத்தி ஒரு குறிப்பு. கான்டாக்ட் பிளேயர் இலவசம். ஆனா "இலவச கான்டாக்ட் லைப்ரரி"ன்னு வர்ற பலதுக்கு காசு கொடுத்து வாங்கற முழு கான்டாக்ட் வேணும். அதை பிளேயர்ல திறந்தா 15 நிமிஷத்துல டெமோ நின்னு போகும். "பிளேயரில் இயங்கும்"னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க.

மிருதங்கம், தபேலா தேடறவங்களுக்கு: பியானோ, டிரம்ஸுக்கு இருக்கிற அளவு இலவசத் தேர்வு இங்க இல்லை. தெரிஞ்சவர் யாராவது வாசிச்சா, த, தி, தொம், நம்னு ஒவ்வொரு சொல்லையும் தனியா பதிவு பண்ணுங்க. ரீப்பர்லயே ரியா சாம்ப்ளோமேட்டிக்னு ஒரு கருவி இருக்கு. அதுல ஒவ்வொரு சொல்லையும் கீபோர்டோட ஒவ்வொரு கட்டைக்குக் கொடுத்துட்டா, அது உங்களோட சொந்த மிருதங்கம்.

4. "இலவசம்"னா என்னென்ன அர்த்தம்?

டவுன்லோடு இலவசம்ங்கறது ஒண்ணு, அதை வைச்சு சம்பாதிக்க அனுமதி இருக்காங்கறது வேற. கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல சிசி0ன்னா எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பி.ஒய்.னா உருவாக்கினவர் பேரைப் போடணும். என்.சி.ன்னா வணிகப் பயன்பாடு கூடாது. மானிடைஸ் ஆன யூடியூப் சேனல்ல அதைப் போடாம இருக்கிறதே நல்லது. கருவியோட ஒலியை அப்படியே எடுத்து சாம்பிள் பேக்கா விற்கறதையும் பொதுவா அனுமதிக்க மாட்டாங்க. ஒவ்வொரு கருவியோட லைசென்ஸ் பக்கத்தையும் பி.டி.எஃப். ஆக்கி ஒரு ஃபோல்டர்ல வைங்க. நாளைக்கு காப்பிரைட் கிளெய்ம் வந்தா அதுதான் உங்க ஆதாரம்.

5. கிராக் வேண்டாம்

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க நெட் பேங்கிங், டீமேட், வருமான வரி தளம் எல்லாம் திறக்கறது அதே லேப்டாப்லதான். யாரோ மாத்தி அமைச்ச இன்ஸ்டாலரை, ஆன்டிவைரஸை அணைச்சிட்டு ஓட்டறது வீட்டுச் சாவியை வாசல்லயே விட்டுட்டுப் போற மாதிரி. பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு திருடு போனா நஷ்டம் பிளகின் விலையோட நிக்காது.

6. இப்ப கணக்கு

ரீப்பர் தள்ளுபடி லைசென்ஸ் 60 டாலர். சொந்த உபயோகத்துக்கும், வணிகமா பயன்படுத்தினா அதுல வருஷ வரவு 20,000 டாலருக்கு மிகாதவங்களுக்கும் இதுவே போதும். டாலர் 85 ரூபாய்னு வைச்சா 5,100 ரூபாய். கார்டு ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம், அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 5,300 தாண்டும். விற்கறவர் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வசூலிச்சா 6,300 பக்கம் வரும். ஒரே தடவை செலவு.

மாசம் 10 டாலர் சந்தான்னா? மாசம் 850 ரூபாய் சின்னதா தெரியும். மூணு வருஷத்துல 30,600. வரியும் மார்க்கப்பும் தனி. கட்டறதை நிறுத்தினா, அந்தக் கருவியை வைச்சுப் போட்ட பழைய பாட்டைத் திறந்து திருத்தறதும் சிக்கலாகலாம். ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க்ல இருந்து வர்ற மெசேஜைப் படிக்காம விடாதீங்க.

இசையில வருமானம் வர ஆரம்பிச்சா, அது சம்பளத்துல சேராது, தொழில் வருமானம். அப்ப ஐடிஆர்-1 போட முடியாது. அந்தத் தொழிலுக்காக வாங்கின சாஃப்ட்வேர், மைக் செலவை அந்த வருமானத்துக்கு எதிராக் காட்டலாம். சாஃப்ட்வேர் மாதிரி சொத்துக்கு தேய்மானமா வரும். ஆனா தொழில்ல நஷ்டம்னு சொல்லி சம்பளத்துல இருந்து கழிக்க முடியாது. வெறும் பொழுதுபோக்குன்னா எந்தக் கழிவும் இல்லை. எப்படியிருந்தாலும் இன்வாய்ஸை எடுத்து வைங்க.

என்னோட யோசனை இதுதான். முதல் 60 நாள் மேல சொன்ன இலவசக் கருவிகளோட ஒரு பாட்டை முழுசா முடிங்க. முடிச்சா ரீப்பர் லைசென்ஸ் வாங்குங்க. அதுக்கப்புறமும் ஏதாவது ஒரு ஒலி இல்லாம பாட்டு நிக்குதுன்னா, அந்த ஒண்ணை மட்டும் காசு கொடுத்து வாங்குங்க.

நோட்டீஸ் பீரியட்ல இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, முதல் பகுதியை மட்டுமாவது அவருக்கு இன்னைக்கே அனுப்பிடுங்க.