புரதம் தராத மரபணுவின் பணி

மனித உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கியிருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி பயனற்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தப் பகுதியிலிருந்தும் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்பதும், 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீண்டும் புரதமாக மாறாத அத்தகைய ஆர்.என்.ஏ.க்களுள் பல உட்கருவை விட்டு வெளியேறாமல் அங்கேயே பணியாற்றுகின்றன என்பதும் பின்னரே தெளிவாயின.

இத்துறையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இந்திய ஆய்வகங்களில் உருப்பெற்றது என்பது பெருமைக்குரியது. பழ ஈயின் புழுப்பருவத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் பட்டை பட்டையாகத் தெரியுமளவுக்குப் பருத்திருக்கும். எந்த மரபணு முனைந்து இயங்குகிறதோ அவ்விடம் புடைத்துக் காணப்படும். 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டால் பல இடங்கள் ஒருசேரப் புடைக்கின்றன. அவற்றுள் 93டி என்னும் ஓரிடத்தை மட்டும் பென்சமைடு என்ற வேதிப்பொருள் தனியே தூண்டுவதைக் கல்கத்தாவில் ஆய்வாளர்கள் லகோட்டியாவும் முகர்ஜியும் 1970இல் கண்டறிந்து வெளியிட்டனர். அங்கிருக்கும் எச்.எஸ்.ஆர். ஒமேகா மரபணுவின் உட்கரு ஆர்.என்.ஏ. பல்லாயிரம் நியூக்ளியோடைடு நீளமுடையது. ஆயினும் அது புரதம் எதையும் தருவதில்லை.

அது அங்கே செய்வதுதான் என்ன? காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் லகோட்டியாவின் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஆர்.என்.ஏ. உட்கருவில் நுண்புள்ளிகளாகத் திரண்டு, பிற ஆர்.என்.ஏ.க்களைப் பக்குவப்படுத்தும் புரதங்களைத் தன்னோடு பிணைத்து வைத்திருப்பதைக் காட்டியது. வெப்பம் தாக்கி உயிரணுவின் வழக்கமான பணிகள் தடைப்படும்போது, அப்புள்ளிகள் ஒன்றுகூடி 93டி இடத்தில் பெருந்திரளாகின்றன. புரதங்களும் அங்கே ஒதுங்குகின்றன. வெப்பம் தணிந்தபின் அவை உரிய இடங்களுக்குத் திரும்பவும் இதே ஆர்.என்.ஏ. வேண்டியிருக்கிறது என்று அக்குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது.

தாவரங்களிலும் இத்தகைய ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் உட்கருவில் தங்கும் டி.ஆர்.ஐ.ஆர். என்ற நீள் ஆர்.என்.ஏ. மிகும்போது, அச்செடி வறட்சியையும் உப்பையும் கூடுதலாகத் தாங்குகிறது என்பது 2017இல் வெளியாயிற்று. கோடை வெயிலில் நீர் வற்றி உப்புப் படியும் மரக்காணம் கடற்கரையின் உப்பளங்களை ஒட்டி, உவர்மண்ணிலேயே செழித்து வளரும் உமரிச் செடியின் உட்கருவில் எவ்வகை நீள் ஆர்.என்.ஏ.க்கள் இயங்குகின்றன என்பது, கடல்நீர் ஏறி வயல்கள் உவர்ப்பாகிவரும் இக்கரைக்கு மிகவும் வேண்டிய கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே அமைந்திருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.