மூல ஓலை எங்கே?
யாத்திரைத் தங்குமிடங்களில் எழும் பொய்யான சேதக் கணக்கும், அதற்கு நாம் சொல்லவேண்டிய பதிலும்

திருத்தல யாத்திரை செல்லும் குடும்பங்களுக்குச் செஞ்சி ஒரு நல்ல நடுவிடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் கோட்டை ஊரிலேயே இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான். அருகே சிங்கவரத்தில் குடைவரைக்குள் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அமாவாசை இரவில் ஊஞ்சலில் எழுந்தருளும் அங்காளம்மனைத் தரிசிக்க மேல்மலையனூர் செல்லலாம். மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் அண்ணாமலையார் காத்திருக்கிறார்.

முன்பெல்லாம் சத்திரத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கி இத்தலங்களைத் தரிசித்தோம். இப்போது பல யாத்திரைத் தலங்களில் நாள் வாடகைக்கு வீடுகள் கிடைக்கின்றன. பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்குச் சமையலறையோடு கூடிய வீடு கிடைத்தால் வசதிதான். அந்த வசதியோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகிறது. விடைபெறும் நேரத்தில், அல்லது வீடு திரும்பிய மறுநாள், "சோபாவில் கறை, மேசையில் கற்பூரம் எரிந்த தடம், தொலைக்காட்சி வேலை செய்யவில்லை, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது, மேலும் எட்டாயிரம் அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி வரும். உண்மையாகவே நேர்ந்த சேதமாயின் கொடுக்கத்தான் வேண்டும். செய்யாத சேதத்துக்குக் கணக்கு வந்தால் என்ன செய்வது?

வெண்ணெய்நல்லூர் அவை கேட்ட கேள்வி

இக்கேள்விக்கு நம் விழுப்புரம் மாவட்டத்துத் தலமொன்றே வழி காட்டுகிறது. புத்தூரில் நம்பி ஆரூரரின் திருமண வேளை. முதிய அந்தணர் ஒருவர் வந்து நின்று, "இவன் எனக்கு வழிவழி அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது" என்கிறார். சினம் கொண்ட நம்பி அவரைப் பித்தன் என்று ஏசி, பின்தொடர்ந்து ஓடி, ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது.

பெரியபுராணத்தில் இப்பகுதியைப் படிக்கும்போது அந்த அவையினரின் நிதானம் வியப்பளிக்கும். வந்தவர் முதியவர் என்பதற்காக அவர் சொல்லை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. வழிவழி வந்த நடைமுறை, எழுத்து, நேரில் கண்டோர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு வழக்குத் தொடுத்தவரிடமே கேட்கிறார்கள். கிழிக்கப்பட்டது படி ஓலைதான் என்று சொல்லி முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். அதையும் உடனே நம்பிவிடாமல், நம்பியின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இறைவனே வந்து தொடுத்த வழக்கிலும் மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமை கோரியவர் மீதே வைக்கப்பட்டது. சேதம் என்று சொல்பவர்தாம் சேதத்தைக் காட்ட வேண்டும். "நாங்கள் செய்யவில்லை" என்பதை மெய்ப்பிக்கத் தெரியாமல் தவித்து, பழிக்கு அஞ்சிப் பணத்தைக் கொடுத்துவிடும் குடும்பங்கள் இந்த ஒன்றை நினைவில் கொண்டாலே போதும். இன்றைய சட்டமும் இதையே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், ஒரு செய்தி உண்மை என்று கூறி உரிமை கேட்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது.

நியூயார்க் மேசையில் ஒரு விரிசல்

படியையும் மூலத்தையும் பிரித்தறியும் தேவை இக்காலத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதற்கு, 2025 ஆகஸ்டில் லண்டனின் 'கார்டியன்' நாளிதழ் வெளியிட்ட செய்தி ஒரு சான்று. படிப்பின் பொருட்டு நியூயார்க் சென்ற பெண் ஒருவர், மன்ஹாட்டனில் 'ஏர்பிஎன்பி' தளம் வழியாக ஒரு வீட்டை இரண்டரை மாதங்களுக்கு எடுத்தார். அப்பகுதியில் பாதுகாப்பாக உணராததால் முன்கூட்டியே காலி செய்தார். அதன்பின் வீட்டு உரிமையாளர், 12,000 பவுண்டுக்கு மேல் சேதம் என்று தளத்திடம் முறையிட்டார். மேசையில் விரிசல், மெத்தையில் கறை, பழுதான தொலைக்காட்சி, குளிர்சாதனம் என்று பட்டியல் நீண்டது. விரிசல் விழுந்த மேசையின் படங்களும் இணைக்கப்பட்டிருந்தன.

தளம் முதலில் உரிமையாளர் பக்கமே சாய்ந்து, 5,314 பவுண்டு செலுத்துமாறு அப்பெண்ணிடம் கேட்டது. அவர் பணியவில்லை. ஒரே மேசையின் படங்கள் என்று தரப்பட்டவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, விரிசலின் தோற்றம் படத்துக்குப் படம் மாறியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். படங்கள் கணினியால் திருத்தப்பட்டவை என்று வாதிட்டார். காலி செய்தபோது உடனிருந்தவர் சாட்சி சொல்ல ஆயத்தமாக இருப்பதையும் தெரிவித்தார். நாளிதழ் தலையிட்ட பிறகு தளம் படிப்படியாக இறங்கி வந்து, அவர் செலுத்திய வாடகை 4,269 பவுண்டு முழுவதையும் திருப்பித் தந்தது.

வெண்ணெய்நல்லூர் அவையினர் இரண்டு ஓலைகளை ஒப்பிட்டதைப் போலவே அப்பெண் படங்களை ஒப்பிட்டார். செயற்கை நுண்ணறிவால் எந்தப் படத்தையும் மாற்றிவிட முடிகிற இக்காலத்தில், அனுப்பப்பட்ட படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொள்வது சரியாகாது.

தங்கும்போது சேர்க்க வேண்டிய மூன்று சான்றுகள்

அவை கேட்ட மூன்று வகைச் சான்றுகளையே நாமும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது எழுத்து. முன்பதிவின்போதே காப்புத்தொகை எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்கெல்லாம் பிடித்தம் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதையும் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பி உறுதி செய்யுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது அவசியம். அடையாளத்துக்கு மூல ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் படி போதும்.

இரண்டாவது படம். கதவைத் திறந்ததும், பைகளை இறக்குவதற்கு முன், வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் கைப்பேசியில் நிறுத்தாமல் ஒரே காணொளி எடுக்கட்டும். மெத்தையின் இருபுறம், சோபா, மேசைப் பரப்பு, குளியலறைக் கண்ணாடி, சுவிட்சுகள், ஓடும் நிலையில் தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். முன்பே உள்ள கறை, கீறல் எதுவாயினும் உடனே உரிமையாளருக்குச் செய்தியாக அனுப்புங்கள். காலி செய்யும்போது அதே வரிசையில் இன்னொரு காணொளி. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களை இழந்துவிடும். அது படி ஓலை போன்றது. கைப்பேசியில் உள்ள மூலக்கோப்பை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும்போது மேற்சொன்ன சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும்.

மூன்றாவது கண்டவர் சாட்சி. சாவியை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாமல், உரிமையாளரையோ காவலாளரையோ அழைத்து அறைகளைக் காட்டி, "எல்லாம் சரியாக உள்ளது" என்று ஒரு வரிச் செய்தி பெறுங்கள்.

யாத்திரைக் குடும்பங்களுக்கு மட்டும் இன்னொரு சொல். நாம் விளக்கேற்றுவோம், கற்பூரம் காட்டுவோம், குங்குமம் இட்டுக்கொள்வோம். எண்ணெய்க் கறை, குங்குமச் சிவப்பு, எரிந்த தடம் ஆகியவை பிறர் எளிதில் நம் மீது ஏற்றக்கூடிய குற்றங்கள். விளக்கைத் தாம்பாளத்தின் மீது வையுங்கள்; தலையணை மேல் நம் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வந்துவிட்டால்

மௌனம் கூடாது. ஏர்பிஎன்பி விதிப்படி, விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் உரிமையாளர் கோரிக்கை எழுப்பலாம். பதில் சொல்ல நமக்குக் கிடைப்பது 24 மணி நேரமே. ஆகவே ஊர் திரும்பிய பிறகும் இரண்டு வாரம் செய்திகளைப் பார்த்துவர வேண்டும்.

நம்பி ஆரூரர் முதலில் செய்ததுபோல் சினந்து ஏசுவதும் கிழிப்பதும் பயன் தராது. "மறுக்கிறேன். சேதத்தின் மூலப் படம், எடுத்த தேதி, பொருள் வாங்கிய ரசீது, பழுது பார்ப்பவரின் மதிப்பீடு ஆகியவற்றை அனுப்புங்கள்" என்று நான்கு வரியில் எழுதுங்கள். உங்கள் காணொளியை உடன் இணையுங்கள்.

தொகையையும் ஆராயுங்கள். வங்கியில் அடமானப் பொருளை மதிப்பிட்டுப் பழகியவர்கள் தேய்மானத்தைக் கழிக்காமல் விலை போடமாட்டார்கள். 20,000 ரூபாய்க்கு வாங்கிய, பத்தாண்டு உழைக்கக்கூடிய சோபா ஆறாண்டு பழையதானால், அதில் மிஞ்சியிருப்பது 8,000 ரூபாய் மதிப்புதான். 1,500 ரூபாய்ச் சலவையில் கறை போகுமானால் கேட்கத் தக்கது 1,500 மட்டுமே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-ஆம் பிரிவில், ஒப்பந்த மீறலால் இயல்பாக நேர்ந்த இழப்புக்கே ஈடு என்கிறது. 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஓர் அபராதத் தொகை எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். இழப்பே நேராத இடத்தில் இப்பிரிவின் கீழ் ஈடு கேட்க முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பேருந்துக்கு நேரமாகிறது, முதியவர்கள் சோர்ந்திருக்கிறார்கள், உரிமையாளர் வாசலில் நிற்கிறார் என்ற நிலையில் பணம் கொடுத்தே தீரவேண்டி வந்தால், "ஒப்புக்கொள்ளாமல், எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று எழுதி ரசீது வாங்குங்கள். மிரட்டினாலோ உடைமைகளைப் பிடித்து வைத்தாலோ 112-ஐ அழைக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண்ணையோ யு.பி.ஐ. ரகசிய எண்ணையோ கேட்டால் தரவே கூடாது. பணம் பெறுவதற்கு அவை தேவையில்லை. கடன் அட்டையில் உங்கள் இசைவின்றிப் பிடித்தம் நடந்திருந்தால், அட்டை வழங்கிய வங்கிக்கு அன்றே எழுத்தில் முறையிடுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

செலவில்லாத வழக்கு மன்றம்

காப்புத்தொகை திரும்பவில்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியிலும் பதியலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தையும், மிதமிஞ்சிய காப்புத்தொகையையும் இச்சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் இலக்கணமாகவே குறிப்பிடுகிறது. அத்தகைய விதியைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு.

உண்மையாயின் ஏற்பதும் அறமே

நம்பியின் வரலாற்றுக்கு இன்னொரு பாதி உண்டு. எழுத்து ஒத்துப்போனது, தீர்ப்பு எதிராக வந்தது என்றதும் அவர் மறு வார்த்தை பேசவில்லை. முதியவரின் வீட்டைக் காண அவர் பின்னே நடந்தார். அவ்வழி அருட்துறைக் கோயிலில் போய் முடிந்தது. வழக்கில் தோற்றவர் இறைவனின் தோழரானார்.

திருநீலகண்ட நாயனாரும் இதையே காட்டினார். சிவயோகியார் அடைக்கலமாகத் தந்த திருவோடு வைத்த இடத்தில் இல்லாமல் போனபோது, அவர் மழுப்பவில்லை. காணவில்லை என்று ஒப்புக்கொண்டு, வேறு நல்ல ஓடு தருவதாகச் சொன்னார். குழந்தை கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டால், உரிமையாளர் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லி, அதன் விலையைக் கொடுத்துவிடுவோம். அந்த நேர்மைதான் பொய்யான கணக்கை மறுக்கும்போது நம் சொல்லுக்கு வலிமை தரும்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் புறப்படும் குடும்பங்கள், எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்து வைக்கும்போதே, அறையைக் காணொளி எடுக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதன்பின் மனக்கவலையின்றி அம்மனின் ஊஞ்சல் சேவையைக் கண்டு திரும்பலாம்.