கேபிள் முதல் கிளவுட் வரை – 11: சுமையைப் பங்கிடுவது யார்?

நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுகளில் சுமைப் பகிர்வின் வகையைக் கேட்கும் வினாக்கள், ஒரு நிறுவனத்தின் தேவையை நாலைந்து வரிகளில் விவரித்துவிட்டு, ரவுண்ட் ராபின், லீஸ்ட் கனெக்ஷன், லேயர் 4, லேயர் 7 என்று விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகின்றன. இவை ஒரே தட்டில் வைக்கத்தக்க பெயர்கள் அல்ல என்பதுதான் மாணவர் தடுமாறுவதற்குக் காரணம்: முதலிரண்டும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முறைகள், பின்னிரண்டும் வந்த கோரிக்கை எவ்வளவு ஆழம் வரை படிக்கப்படுகிறது என்பதைச் சொல்பவை. ஆகவே எந்த வினாவிலும் முதலில் பார்க்க வேண்டியது, கோரிக்கை எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பது யார், முடிவெடுக்கும் கணத்தில் அதற்குத் தெரிந்திருப்பது என்ன என்பதே. டிஎன்எஸ்ஸும் போர்ட் எண்ணும் முந்தைய பகுதிகளில் வந்துவிட்டன. அவற்றை மீண்டும் விளக்க இடமில்லை.

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளைவிட இதற்குத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. 2022 ஜூன் 20 அன்று பிளஸ் 2, பத்தாம் வகுப்பு ஆகிய இரண்டின் முடிவுகளும் ஒரே நாளில் வெளியாயின. பிளஸ் 2 தேர்ச்சியில் பெரம்பலூர் மாவட்டம் 97.95 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2025 மே 8 அன்று வெளியான பிளஸ் 2 முடிவில் அவ்விடத்தை 98.82 விழுக்காட்டுடன் அரியலூர் பிடித்தது. இத்தகைய காலைகளில் பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரின் ஒரு வீட்டில் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் செல்பேசியில் தட்டும் அதே நிமிடத்தில், மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கானோர் அதையே செய்கின்றனர். கேட்கப்படுவது சிறிய ஒரு மதிப்பெண் பக்கம்தான் என்றாலும், எல்லாரும் ஒரே வேளையில் கேட்பதால் எவ்வளவு பெரிய சர்வரும் தனியாக நின்று சமாளிக்க முடியாது.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் பல ஆண்டுகள் இதற்குக் கையாண்ட வழி, இப்பகுதியின் கேள்விக்கு அப்படியே விடையாக அமைகிறது. முடிவுகளுக்கான அறிவிப்பில் ஒரே முகவரி தரப்படவில்லை. டிஎன்ரிசல்ட்ஸ், டிஜிஇ1, டிஜிஇ2 என்று தொடங்கும், தேசிய தகவலியல் மையத்தின் கீழ் இயங்கிய பல முகவரிகள் வரிசையாகத் தரப்பட்டன. நாளிதழ்களும் அவற்றை அப்படியே அச்சிட்டன. அம்முகவரிகளுக்குப் பின்னால் கருவிகள் எவ்வாறு அமைந்திருந்தாலும், முதல் பங்கீடு நாளிதழ்ப் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அதைச் செய்வது எந்த இயந்திரமும் அல்ல, முகவரியைத் தட்டும் அண்ணனோ அத்தையோதான். அவர்களுக்குத் தெரிந்திருப்பது என்ன? எந்த முகவரியில் எவ்வளவு நெரிசல் என்பது தெரியாது. அச்சில் எது முதலில் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும். ஆகவே முதல் முகவரி அதிகச் சுமையைத் தாங்க நேரிடும். ஆனால் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, “ரெண்டாவதுல போட்டுப் பாரு” என்று யாரோ சொல்ல, விரல் அடுத்த முகவரிக்குப் போகிறது. உயிரோடு இல்லாத சர்வரைக் கண்டறிவது ஹெல்த் செக் என்றும், அதை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது ஃபெயில்ஓவர் என்றும் பாடநூல்களில் அழைக்கப்படுகின்றன. அவ்விரண்டையும் மனிதரே செய்யும் அமைப்பு இது. சுமைப் பகிர்வின் மிகத் தொடக்கநிலை வடிவம் இவ்வளவு துலக்கமாக, ஒரு பெட்டிச் செய்தியின் அளவில் கண்முன் நின்றது வியப்புக்குரியது. பாடநூல்கள் இதிலிருந்து தொடங்கினால் மாணவருக்குப் பாதி வேலை மிச்சமாகும்.

மனிதரின் விரலிலிருந்து அந்த முடிவைப் பிடுங்கி டிஎன்எஸ்ஸிடம் ஒப்படைத்ததே அடுத்த படி. மொசைக் உலாவியை உருவாக்கிய அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக என்சிஎஸ்ஏ மையம், தன் தளத்துக்கு வந்த கூட்டத்தை ஒரு சர்வரால் தாங்க முடியாமல், 1994-இல் ஒரே பெயருக்குப் பல ஐ.பி. எண்களை மாற்றி மாற்றித் தரும் முறையைக் கையாண்டது. 1995 ஏப்ரலில் தாமஸ் பிரிஸ்கோ எழுதிய ஆர்எஃப்சி 1794, டிஎன்எஸ் வழியான சுமைப் பகிர்வை ஆவணப்படுத்தியது. இவ்வகையில் முடிவெடுப்பது பெயர் சர்வர். ஆனால் அதற்குத் தெரிந்ததும் மிகக் குறைவே. பட்டியலில் உள்ள ஒரு சர்வர் செத்துக் கிடந்தாலும் எளிய ரவுண்ட் ராபின் டிஎன்எஸ் அதன் எண்ணையும் தன் முறைப்படி தந்துகொண்டே இருக்கும். செல்பேசி நிறுவனத்தின் டிஎன்எஸ் ஒரு விடையை அதன் ஆயுட்காலமாகிய டிடிஎல் முடியும் வரை சேமித்து வைப்பதால், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் பலரும் ஒரே சர்வரின்மேல் போய் விழவும் கூடும். “கூடுதல் கருவி எதுவும் வாங்காமல்” என்ற சொற்றொடரும் “பழுதடைந்த சர்வருக்கும் பயனர் அனுப்பப்படுகின்றனர்” என்ற குறையும் வினாவில் சேர்ந்து வந்தால், விடை பெரும்பாலும் இதுவே.

மூன்றாவது வகையில் சர்வர்களுக்கு முன்னால் ஒரு கருவியோ மென்பொருளோ நின்று, ஒரே முகவரியில் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்துத் தருகிறது. அது ஐ.பி. எண்ணையும் போர்ட் எண்ணையும் மட்டும் பார்த்தால் லேயர் 4; ஹெச்டிடிபி கோரிக்கையைத் திறந்து, எந்தப் பக்கம் கேட்கப்படுகிறது, என்ன குக்கீ வந்திருக்கிறது என்பது வரை படித்தால் லேயர் 7. முன்னது வேகமானது, எந்த நெறிமுறைக்கும் பொருந்துவது. பின்னது மெதுவானது என்றாலும், பத்தாம் வகுப்பு முடிவு கேட்பவரை ஒரு சர்வர் கூட்டத்துக்கும் பிளஸ் 2 கேட்பவரை மற்றொன்றுக்கும் பக்கத்தின் பாதையைக் கொண்டே பிரித்தனுப்ப அதனால்தான் முடியும். அமேசான் கிளவுட் தேர்வில், 2016-இல் அறிமுகமான அப்ளிகேஷன் லோட் பேலன்சரும் 2017-இல் அறிமுகமான நெட்வொர்க் லோட் பேலன்சரும் இந்தப் பிளவையே பிரதிபலிக்கின்றன. மாறாத ஐ.பி. எண், யுடிபி என்ற சொற்கள் இரண்டாவதையும், பாதை, ஹோஸ்ட் பெயர் என்ற சொற்கள் முதலாவதையும் சுட்டும்.

விண்டோஸ் சர்வரில் நெட்வொர்க் லோட் பேலன்சிங் என்ற பெயரிலேயே உள்ள வசதி இந்த வரிசையில் அடங்காதது. அங்கே பங்கிடுபவர் என்று எவருமே இல்லை: 32 வரையிலான சர்வர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ள, வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் எல்லாச் சர்வர்களையும் சென்றடைகிறது, ஒவ்வொரு சர்வரும் அனுப்பியவரின் எண்ணைக் கொண்டு ஒரே கணக்கைப் போட்டு, தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதை உதறிவிடுகிறது. பந்தியில் பரிமாறுபவர் இல்லாமல், தம் இலைக்குரியதைத் தாமே அறிந்து எடுத்துக்கொள்ளும் ஒழுங்கு இது. “முடிவெடுப்பது யார்” என்ற கேள்விக்கு “எல்லாரும்” என்பது விடையாகும் வகை என்பதால், இதைத் தனியே நினைவில் வைப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முறை வைத்து அனுப்புவது ரவுண்ட் ராபின். வலிய சர்வருக்குக் கூடுதல் முறை தருவது வெயிட்டட். அந்நேரத்தில் இணைப்புகள் குறைவாக உள்ளதற்கு அனுப்புவது லீஸ்ட் கனெக்ஷன். அனுப்புநரின் ஐ.பி. எண்ணைக் கணக்கிட்டு, அதே எண்ணை எப்போதும் அதே சர்வருக்கு அனுப்பும் சோர்ஸ் ஐ.பி. ஹாஷ் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியது. குரும்பலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் கணினிகள் எல்லாம் நாட் கருவி வழியாக வெளியே போகும்போது ஒரே ஐ.பி. எண்ணோடு போகின்றன, செல்பேசி நிறுவனங்களும் ஒரு பொது எண்ணைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இந்த எண்ணை மட்டும் நம்பும் பகிர்வுக்கு அந்த ஆய்வகம் முழுவதும் ஒற்றை மனிதராகவே தெரியும்; அத்தனை சுமையும் ஒரே சர்வரில் இறங்கும். “பயனர் பலரும் ஒரே நாட் கருவிக்குப் பின்னால் உள்ளனர்” என்ற வரி வினாவில் இருந்தால், இம்முறையை விடையிலிருந்து விலக்கச் சொல்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வாரம் வருவதாக இருந்த ஸ்டிக்கி செஷன், அதாவது ஒரு பயனரைத் தொடர்ந்து ஒரே சர்வரிடம் ஒட்டவைக்கும் ஏற்பாடு, அடுத்த வாரத்துக்குப் போகிறது. மதிப்பெண் பக்கம் மாறாதது. எந்தச் சர்வர் தந்தாலும் அது ஒன்றே என்பதால் அங்கே ஒட்டவைக்கும் தேவை எழவில்லை. பெரம்பலூருக்கு ரயில் நிலையம் இல்லாததால் அரியலூரில் வண்டி ஏறும் ஒருவர், காலை 11 மணிக்குத் தொடங்கும் ஏசி அல்லாத தட்கல் பதிவில் உட்காரும்போது நிலைமை வேறு. 2014-இல் ஐஆர்சிடிசி தன் புதிய அமைப்பில் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக உயர்த்தியது. ஆனால் எத்தனை சர்வர்களைச் சேர்த்தாலும், ஒரு பெட்டியின் ஒரு படுக்கை ஒருவருக்குத்தான் தரப்பட வேண்டும் என்பதால், முன்வாசலில் பங்கிட்ட கூட்டம் உள்ளே ஓரிடத்தில் மீண்டும் ஒன்றுகூடுகிறது. அடுத்த பகுதி அந்த இடத்திலிருந்து தொடங்கும்.