ராக்கெட்டுக்கு வால் எதற்கு?

தீபாவளி இரவில் மும்பையின் தாராவிச் சந்துகளில் பாட்டிலுக்குள் நிறுத்திப் பற்றவைக்கும் ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டால், அது மேலே போகாது, தறிகெட்டுச் சுழலும். ஏன்?

பறக்கும் பொருள் தன் எடைமையத்தைச் சுற்றியே திரும்பும். மூக்கு சற்று விலகினால் எதிர்க்காற்று பக்கவாட்டில் மோதும். அந்த விசை செயல்படும் புள்ளி எடைமையத்துக்குப் பின்னால் இருந்தால், வால் தள்ளப்பட்டு மூக்கு நேராகிவிடும். முன்னால் இருந்தால் விலகல் கூடிக்கொண்டே போகும். குச்சி அந்தப் புள்ளியைப் பின்னுக்குக் கொண்டுபோகிறது.

மாதிரி ராக்கெட்டில் இதே வேலையைச் செய்பவை அட்டைக் குழாயின் அடியில் ஒட்டிய துடுப்புகள். தரையில் மோதிப் பெரும்பாலும் முதலில் பெயர்வதும் அவைதான். மீண்டும் ஒட்டியதும் அப்படியே ஏவிவிடக் கூடாது. எஞ்சினைப் பொருத்தி, பற்றவைப்பானை மாட்டாமல், எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். மூக்கு முன்னே நீண்டு சுற்றினால் நம்பி ஏவலாம். இல்லையென்றால் மூக்குக்குள் கொஞ்சம் களிமண் அடைத்தால் போதும், எடைமையம் முன்னே நகரும். எத்தனை எளிய, அழகான சோதனை!

நிஜ ராக்கெட்டிலும் துடுப்புகளைக் காணலாம். மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு ஆய்வை வளர்த்த ஹோமி பாபாவின் ஆதரவில் உருவானது கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளம். அங்கிருந்து 1967இல் பறந்த ரோகிணி ராக்கெட்டின் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். அதற்கும் துடுப்புகள் இருந்தன.