மணி மண்டபமும் கண்ணாடிக் கூரையும்

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் பெருந்தூண்களைச் சுற்றி ஒல்லியான சிறு தூண்கள் கொத்தாக நிற்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுருதி. நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறி வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் சந்தேகம், உள்ளே பொந்து இருக்குமோ என்பதுதான்.

இதே வகையைச் சேர்ந்த ஹம்பி விட்டலர் கோயில் இசைத்தூண்களில் பொந்து இல்லை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் கேளா ஒலி செலுத்திச் சோதித்து, அவை திடக்கல் என்று 2008-ல் எழுதினார்கள். தட்டியதும் தூண் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து அதிர்கிறது. நீளம் கூடினால் சுருதி இறங்கும். தடிமன் கூடினால் ஏறும். இந்தக் கணக்கு உளி பிடித்த கையிலேயே இருந்தது. கலைஞரும் பொறியாளரும் அங்கே ஒரே ஆள்.

பிற்காலத்தில் கலையும் பொறியியலும் இரண்டு படிப்புகளாகிவிட்டன. அவற்றைச் சேர்த்துவைக்க முனைந்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் பில்லி குளூவர். 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சியில், பெப்சி நிறுவனத்துக்காக அவருடைய குழு ஓர் அரங்கம் அமைத்தது.

வெளியே, மாஞ்சோலை மலையில் மேகம் இறங்குவதுபோல, கூரையைப் பனிமூட்டம் போர்த்தியிருந்தது. ரசாயனப் புகை எதுவும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துளைகளில் அழுத்தத்தோடு பீய்ச்சிய வெறும் தண்ணீர். அதைப் படைத்த ஃபுஜிகோ நகாயாவின் தந்தை, செயற்கைப் பனித்துகளை முதன்முதலில் உருவாக்கிய இயற்பியலாளர்.

உள்ளே 90 அடி விட்டத்தில் குவிந்த கண்ணாடி. உண்மையில் அது அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். தாளுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இருந்த காற்றை உறிஞ்சியதால், தூணே இல்லாமல் விரிந்து நின்றது. எவர்சில்வர் கரண்டியின் குழிப்பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரியுமே, அதே விதிதான். ஆனால் இங்கே பார்வையாளரின் முழு உருவமும் தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. தாளுக்குப் பின்னால் 37 ஒலிபெருக்கிகள். ஒலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கூட்டத்தைச் சுற்றிவரும்.

அந்த ஒலியமைப்பில் பெரும்பங்கு வகித்த இசைக்கலைஞர் டேவிட் டியூடர், அதற்கு முந்தைய ஆண்டுதான் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தார். ஆக, ஒசாகாவுக்கு இந்தியா அவ்வளவு தூரமில்லை.

ஒசாகாவின் கண்ணாடி இன்று இல்லை. நெல்லைத் தூண்கள் நிற்கின்றன. ஹம்பியில் சோதித்ததுபோல இங்கும் ஒவ்வொரு தூணையும் அளந்து, அதன் ஒலியைப் பதிவுசெய்து, எல்லோரும் கேட்கும்படி கோயிலிலேயே வைக்க வேண்டும். அப்போது யாரும் நாணயத்தால் தட்டித் தட்டிக் கல்லைத் தேய்க்க வேண்டியிருக்காது.