பழைய கைப்பேசியைக் கொடுத்துவிட அவசரப்படாதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, அப்பாவுக்குப் புதிய திறன்பேசி வாங்க லிட்டில் இந்தியாவுக்குச் சென்றோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடையில் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய கைப்பேசியையும் கொடுத்தால் விலையில் 80 வெள்ளி கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். நல்ல பேரம் என்று அப்பாவும் சம்மதித்தார். அவர் கண்முன்னே, அவரே மறைச்சொல்லை இட, பழைய கைப்பேசியிலிருந்த எல்லாம் அழிக்கப்பட்டது. கோமள விலாசில் காப்பி குடித்துவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்.

இரவு ஒன்பது மணிக்கு அப்பா அழைத்தார். “என்னம்மா, பேங்க் ஆப் 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்லுது?” அது பெரிய சிக்கல் இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. வாட்ஸ்அப்தான் சரியாகவில்லை. எண்ணை உள்ளிட்டதும் செயலி திறந்தது. குழுக்களின் பெயர்கள் வந்தன. உரையாடல்கள் ஒன்றுகூட இல்லை.

சென்ற ஆண்டு காலமான என் பாட்டிக்கு எழுத வராது. காலையில் எழுந்ததும் மகனுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்புவார். “சாப்பிட்டியாப்பா, மழை பெய்யுது, குடை எடுத்துக்க” என்ற அளவில்தான் இருக்கும். நான்கு ஆண்டுகளின் அத்தகைய பதிவுகள் அந்தப் பழைய கைப்பேசியில் மட்டுமே இருந்தன.

புதிய கைப்பேசிக்கு மாறுவது பற்றிக் கடைகளில் கேட்டால் கேமரா, நினைவகம், விலை என்று சொல்வார்கள். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கைப்பேசிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது?

பத்து ஆண்டுகளுக்கு முன்பு கைப்பேசி மாற்றுவது என்றால் சிம் அட்டையை எடுத்து மாற்றிப் போடுவதுதான். இன்று சிங்கப்பூரில் நம் அடையாள அட்டை, பணப்பை, மருத்துவக் குறிப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பேநவ் 2017 ஜூலையில் அறிமுகமானது. 2021 நவம்பர் முதல் தேதியிலிருந்து பெரும்பாலான அரசு அலுவலகங்களில் அடையாள அட்டைக்குப் பதிலாக சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அட்டையைக் காட்டலாம். சிடிசி பற்றுச்சீட்டுகளையும் சிங்பாஸ் மூலம்தான் பெற்றுக்கொள்கிறோம்.

வங்கிகளும் மாறிவிட்டன. ஓடிபி எனப்படும் ஒருமுறை மறைச்சொல் முன்பு குறுஞ்செய்தியில் வரும். சிம் அட்டை இருந்தால் போதும். மின்னிலக்க டோக்கனைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் வங்கிக் கணக்கில் நுழைவதற்கான ஓடிபியைப் பெரிய வங்கிகள் படிப்படியாக நிறுத்தும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்தன. டோக்கன் இருப்பது சிம் அட்டையில் அல்ல, கைப்பேசியில் உள்ள வங்கிச் செயலியில். எனவே சிம் அட்டை மட்டும் புதிய கைப்பேசிக்கு வந்தால் போதாது.

அந்த 12 மணி நேரம் ஏன்?

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தனர். அதையடுத்து 2022 ஜனவரியில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதிய கட்டுப்பாடுகளை அறிவித்தன. ஒரு கைப்பேசியில் புதிதாக டோக்கனை அமைத்தால், அது செயல்படத் தொடங்கக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

மோசடிக்காரர் ஒருவர் நம் விவரங்களைத் திருடித் தன் கைப்பேசியில் நம் டோக்கனை அமைக்க முயன்றால், உடனே பணத்தை எடுக்க முடியாது. அதற்குள் நமக்குத் தகவல் வந்து, வங்கியை அழைக்க நேரம் கிடைக்கும். அப்பாவை எரிச்சலூட்டிய அந்த 12 மணி நேரம் அவருடைய சேமிப்பைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. நீங்கள் எதுவும் செய்யாமல் இருக்கும்போது ‘புதிய கைப்பேசியில் டோக்கன் அமைக்கப்படுகிறது’ என்று தகவல் வந்தால் உடனே வங்கியை அழையுங்கள்.

அதனால் வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவற்றைக் கட்ட வேண்டிய நாளில் கைப்பேசியை மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து கைப்பேசி வாங்கும் வெளிநாட்டு ஊழியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அன்றே செயலி வழி ஊருக்குப் பணம் அனுப்பும் எண்ணம் இருந்தால், முதலில் பழைய கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டு அப்புறம் புதியதை அமைக்கலாம்.

எதை முதலில் மாற்றுவது?

இரண்டு கைப்பேசிகளும் ஒரு வாரமாவது உங்கள் கையில் இருக்கட்டும். பழையதைக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்வதாக இருந்தாலும், அதைப் பிறகு கொண்டுவந்து தர முடியுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலில் வாட்ஸ்அப். ஒரு செய்தி உரியவரைச் சென்று சேர்ந்த பிறகு அந்நிறுவனம் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அனுப்பியவர், பெற்றவர் கைப்பேசிகளில் மட்டுமே அது இருக்கும். எனவே காப்புப் பிரதி எடுக்கும் வசதியை நாம்தான் இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அது கூகல் கணக்கிலும் ஐஃபோனில் ஐகிளவுடிலும் சேமிக்கப்படும். கூகல் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. படங்களும் மின்னஞ்சல்களும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் காப்புப் பிரதி எடுப்பது தடைபடும். ஆகவே அமைப்புகளில் கடைசியாகப் பிரதி எடுத்த தேதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ ஐஃபோனிலிருந்து ஐஃபோனுக்கோ மாறுவோர், இரண்டையும் அருகருகே வைத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தே உரையாடல்களை நேரடியாக மாற்றலாம். ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறுவோர், புதிய ஐஃபோனை முதன்முறை அமைக்கும்போதே ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி மூலம் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து படங்களும் தொடர்பு எண்களும். எண்கள் சிம் அட்டையில் உள்ளனவா, கணக்கில் உள்ளனவா என்று பாருங்கள். படங்களைப் பொறுத்தவரை, புதிய கைப்பேசியில் சில பழைய படங்களைத் திறந்து பார்த்து, அவை உண்மையிலேயே வந்துவிட்டன என்று உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவதாக சிங்பாஸ், வங்கிச் செயலிகள். டோக்கன் புதிய கைப்பேசியில் இயங்கத் தொடங்கி, ஒருமுறையாவது பணம் அனுப்பிப் பார்த்த பிறகே பழையதிலிருந்து கணக்குகளை நீக்குங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வேலையாகப் பழைய கைப்பேசியில் உள்ளவற்றை முழுமையாக அழியுங்கள். அழிக்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

முதல் வாரத்தில் பேட்டரி ஏன் வேகமாகத் தீர்கிறது?

மூன்றாம் நாள் அப்பாவின் புகார் இது: “புதுசுன்னு பேரு, மத்தியானத்துக்குள்ள 30 விழுக்காடு ஆயிடுது.”

கைப்பேசியில் குறை இல்லை. புதிய கைப்பேசி முதல் சில நாள்களுக்கு நமக்குத் தெரியாமல் நிறைய வேலை செய்கிறது. செயலிகளைப் பதிவிறக்குகிறது, ஆயிரக்கணக்கான படங்களைக் கணக்கிலிருந்து எடுத்து வகைப்படுத்துகிறது, மென்பொருளைப் புதுப்பிக்கிறது. நாமும் புதுப் பொருள் என்பதால் அதிக நேரம் கையில் வைத்திருக்கிறோம். ஒரு வாரம் கழித்தும் நிலைமை மாறவில்லை என்றால், அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குச் சென்று எந்தச் செயலி அதிகம் எடுக்கிறது என்று பார்க்கலாம். திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும், தேவையற்ற செயலிகளுக்கு இருப்பிடத்தை அறியும் அனுமதியை நிறுத்துவதும் உடனே பலன் தரும்.

திறந்திருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினால் பேட்டரி மிச்சமாகும் என்று பலர் நம்புகின்றனர். அடிக்கடி பயன்படுத்தும் செயலியை மூடி மூடித் திறந்தால், ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் கூடுதல் மின்சாரம் செலவாகும்.

பேட்டரியின் ஆயுளைக் குறைப்பவற்றில் முக்கியமானது வெப்பம். ஐஃபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கிறது. நம் ஊரின் மதிய வெயில் அந்த மேல் எல்லையை நெருங்கும். வெயிலில் நிறுத்திய காரினுள் அதைத் தாண்டிவிடும். சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைப்பதையும், சார்ஜ் போட்டபடியே நெடுநேரம் காணொளி பார்ப்பதையும் தவிர்க்கலாம்.

லித்தியம் அயனி பேட்டரி எப்போதும் 100 விழுக்காட்டில் இருப்பதையும் 0 வரை இறங்குவதையும் விரும்பாது. 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருப்பது அதற்கு நல்லது. பல புதிய கைப்பேசிகளில் 80 விழுக்காட்டுடன் சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. ஐஃபோன் 15 வகைகளின் பேட்டரி 1,000 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவுடன் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய வகைகளுக்கு அந்த எண்ணிக்கை 500. இன்று பாதி, நாளை பாதி என்று பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று.

கைப்பேசியைத் தட்டி ரயிலில் ஏறுவோர் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இறங்கும் நிலையத்திலும் அதே கைப்பேசியைத்தான் தட்ட வேண்டும். மூத்தோர் பயண அட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது நிம்மதி தரும்.

எந்தச் செயலியை எங்கிருந்து இறக்குவது?

கூகல் பிளே, ஆப் ஸ்டோர் ஆகிய இரண்டைத் தவிர வேறெங்கிருந்தும் செயலிகளைப் பதிவிறக்க வேண்டாம். மலிவான உணவுப் பொருள், வீட்டுச் சுத்தம், ஏர்கான் கழுவும் சேவை என்று விளம்பரம் செய்து, வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி அதை நிறுவச் சொல்வது மோசடிக்காரர்களின் வழக்கம். அதை நிறுவினால் கைப்பேசியின் கட்டுப்பாடே அவர்கள் கைக்குப் போய்விடலாம். இத்தகைய ஆபத்தான செயலிகள் நிறுவப்படுவதைத் தானாகவே தடுக்கும் வசதியை கூகல் 2024 பிப்ரவரியில் சோதிக்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த நாடு சிங்கப்பூர். அந்தப் பாதுகாப்பை அணைக்கும்படி யாராவது சொன்னால், அவர் மோசடிக்காரர்தான்.

புதிய கைப்பேசியில் முதலில் நிறுவ வேண்டியவற்றில் ஒன்று ஸ்கேம்ஷீல்டு. சந்தேகத்துக்குரிய அழைப்பு, செய்தி, இணைப்பு ஆகியவற்றை அதில் சரிபார்க்கலாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

தமிழில் பயன்படுத்துங்கள்

எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்பதாலேயே பல மூத்தோர் புதிய கைப்பேசியை ஒதுக்கிவைக்கின்றனர். திரை அமைப்பில் எழுத்தின் அளவைப் பெரிதாக்க ஒரு நிமிடம் போதும். தமிழ் விசைப்பலகையும் கைப்பேசியிலேயே இருக்கிறது. அமைப்புகளில் சேர்த்துக்கொண்டால் போதும். தட்டச்சு செய்ய வராதவர்கள் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகிவிடும்.

கைப்பேசியில் தமிழ் எழுதும் வரலாற்றில் நம் ஊருக்கும் இடமுண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டு பொங்கலன்று, ஒலி 96.8 வானொலியின் துணையுடன் சிங்கப்பூரில்தான் அறிமுகமானது. பொத்தான் கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்புவதே அப்போது புதுமை.

உதவி கேட்கத் தயங்காதீர்கள்

பிள்ளைகளுக்கு நேரமில்லை, கேட்டால் கோபப்படுவார்கள் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகின்றனர். அப்பாவும் அப்படித்தான், வாட்ஸ்அப் காப்புப் பிரதி பற்றி முன்பு ஒருமுறை என்னிடம் கேட்டார். “அப்புறம் பார்க்கலாம்பா” என்று சொன்னது நான்தான். வீட்டில் கேட்க இயலாதவர்கள், 2020ல் அமைக்கப்பட்ட எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்களை நாடலாம். சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் உள்ள மையங்களில் அவர்கள் நேருக்கு நேர் அமர்ந்து கற்றுத்தருகின்றனர். ஆனால் வங்கி மறைச்சொல்லை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பாட்டியின் கைப்பேசியை அவர் மறைவுக்குப் பிறகு அழித்து வேறொருவருக்குக் கொடுத்திருந்தோம். அதனால் அப்பாவுக்கு மட்டும் அவர் அனுப்பிய பதிவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. குடும்பக் குழுவில் அவர் போட்டவை அத்தையின் கைப்பேசியில் இருந்தன. மொத்தம் பதினொன்று. தீபாவளி வாழ்த்து ஒன்று, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று ஒன்று. அவற்றை அத்தை அப்பாவுக்கு அனுப்பிவைத்தார். இப்போது எங்கள் வீட்டில் மூன்று கைப்பேசிகளிலும் ஒரு கணினியிலும் அவை இருக்கின்றன. ஞாயிறுதோறும் காப்புப் பிரதியின் தேதியை அப்பாவே பார்த்துவிடுகிறார்.