நிலக்கடலை: படிக் கணக்கை எடைக் கணக்காக மாற்றுவது எப்படி?

ஏலகிரி மலையைச் சுற்றியுள்ள ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் நிலக்கடலை முக்கிய எண்ணெய் வித்துப் பயிராகும். வீட்டுச் சமையலுக்கும் விசேஷச் சமையலுக்கும் கடலையைப் படியால் அளப்பது நம் வழக்கம். ஆனால் மெட்ரிக் எடைகள் 1958 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தபின், கடையில் வாங்குவதும் விற்பதும் கிலோவில்தான். கடலை மிட்டாய் செய்து பொட்டலமிட்டு விற்பவர்கள் நிகர எடையைப் பொட்டலத்தின் மேல் குறிப்பிடவும் வேண்டும். ஆகவே இவ்விரு கணக்கையும் இணைக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

ஒரே படி, வெவ்வேறு எடை

படி என்பது கொள்ளளவு, எடையன்று. ஒரு லிட்டர் அளவில் நிலக்கடலைப் பருப்பு ஏறக்குறைய 600 முதல் 650 கிராம் வரை நிற்கும். அதே அளவில் காய் 250 முதல் 300 கிராம்தான் நிற்கும். காய்களுக்கு இடையிலும் ஓட்டுக்குள்ளும் காற்று இருப்பதே காரணம். பருப்பின் பருமன், ஈரம், பொக்குக் காய்களின் அளவு ஆகியவற்றாலும் எடை மாறும். படியும் ஊருக்கு ஊர் வேறுபடும். எனவே பிறர் சொல்லும் கணக்கை நம்பாமல், உங்கள் படிக்கு நீங்களே கணக்கு எடுங்கள்.

செய்முறை

1. படி நிறையத் தண்ணீர் ஊற்றி, அத்தண்ணீரை மட்டும் எடை போடுங்கள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் ஆகும். படியின் கொள்ளளவு தெரிந்துவிடும்.
2. படியை நன்கு துடைத்து, காய்ந்த பருப்பை நிரப்பித் தலைதட்டி அளந்து எடை போடுங்கள். குவித்தோ, குலுக்கி அமுக்கியோ அளக்கக் கூடாது.
3. இவ்வாறு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

உதாரணமாக, 1½ லிட்டர் கொள்ளும் படியில் 930, 950, 940 கிராம் வந்தால் சராசரி 940 கிராம். மூன்று கிலோ பருப்பு தேவையெனில், 3 படி 2,820 கிராம். மீதி 180 கிராம். படிக்கு 8 ஆழாக்கு என்பதால் ஓர் ஆழாக்கு சுமார் 118 கிராம். ஆகவே 3 படியும் ஒன்றரை ஆழாக்கும் போதும்.

காயாக வாங்கினால்

நன்கு முற்றிக் காய்ந்த 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். மேற்சொன்ன படியில் காய் 400 கிராம் நின்றால், உடைத்தபின் கிடைப்பது 280 கிராம். அதாவது, ஒரு படி பருப்புக்கு மூன்று படிக்கு மேல் காய் வேண்டும்.

ஈரத்தைக் கவனியுங்கள்

40 சத ஈரமுள்ள 100 கிலோ புதுக்காயை 8 சத ஈரத்துக்குக் காயவைத்தால் சுமார் 65 கிலோதான் நிற்கும். பச்சைக் காய்க்கு எடுத்த கணக்கு காய்ந்த காய்க்குப் பொருந்தாது.

கடலை மிட்டாய்க்கு

வறுக்கும்போது ஈரமும், புடைக்கும்போது தோலும் போவதால் எடை குறையும். எனவே வறுத்துத் தோல் நீக்கிய பருப்பையே எடை போடுங்கள். வெல்லத்தைப் படியால் அளக்காதீர்கள். பொடித்த வெல்லம் அமுக்கினால் கூடும், தளர்ந்தால் குறையும். பாகு கூடினால் பிசுபிசுக்கும். குறைந்தால் கடலை உதிரும்.

உங்கள் படியின் எடையைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். புது அறுவடை வந்ததும் மீண்டும் ஒருமுறை எடை போட்டுத் திருத்திக்கொண்டால், வாங்குவதிலும் விற்பதிலும் நட்டமின்றிப் பயன் பெறலாம்.